நிலத்தடியில் தேங்கும் எண்ணெய்: தூய்மை என்று சான்று தருவது யார்?

(ஐரோலியில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பங்கேற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஆலைகளிலும் பணிமனைகளிலும் நிலத்துக்கு அடியில் புதைக்கப்பட்டிருக்கும் கழிவு எண்ணெய்த் தொட்டிகள் கசிந்து மண்ணும் நிலத்தடி நீரும் கெடுகின்றன. அவற்றை மீட்பது எப்படி என்பதே இந்த வகுப்புக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் வேதியியல் படித்தவன் அல்லன். தமிழ் படித்தவன், கட்சிக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். எனவே நான் செய்த ஒரு மொழிபெயர்ப்புப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தானே–பேலாப்பூர் சாலையை ஒட்டி மூடப்பட்டுக் கிடந்த ஓர் ஆலையின் பின்புறம் குடியிருந்த நம் மக்கள் சிலர் என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வாடை அடித்தது. மனு மேல் மனு கொடுத்த பிறகு ஒரு தனியார் ஆய்வகம் நீரைச் சோதித்து அறிக்கை தந்திருந்தது. அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. எண்ணெய் என்ற வரிசைக்கு நேரே எண் எதுவும் இல்லை, பி.டி.எல். என்ற மூன்றெழுத்துகள் மட்டும் இருந்தன. அதை நான் தமிழில் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். மக்கள் நிம்மதியோடு சென்றார்கள். மனுக் கொடுப்பதும் நின்றது.

ஆறேழு மாதங்கள் கழித்து, வேதியியல் கற்பிக்கும் தோழர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மூன்றெழுத்துகளுக்குப் பொருள் ‘இல்லை’ என்பதன்று. ‘இந்த ஆய்வகம் கண்டறியக்கூடிய அளவுக்குக் கீழே’ என்பதாகும். அந்த ஆய்வகத்தின் எல்லை என்னவென்று அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது: லிட்டருக்கு 5 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கனிம எண்ணெய்க்கு விதித்திருக்கும் உச்ச அளவோ 0.5 மில்லிகிராம். அதாவது, அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் பத்து மடங்கு வரை எண்ணெய் கலந்திருந்தாலும் அந்தத் தாள் அதே மூன்றெழுத்துகளைத்தான் காட்டியிருக்கும். ஆய்வகம் பொய் சொல்லவில்லை. சோதனைக்கு ஏற்பாடு செய்தவர்கள் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அறியாமையால் அதற்கு ‘இல்லை’ என்ற முத்திரையைக் குத்தினேன்.

அந்தப் பிழை எனக்குக் கற்றுத்தந்த கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். ‘இந்த நிலம் தூய்மையாகிவிட்டது’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அழுக்கை அகற்றும் தொழில்நுட்பம் உலகில் இருக்கிறது. அதற்குரிய செலவும் கணக்கிடக்கூடியதே. ஆனால் எதைச் சோதிப்பது, எந்த அளவை ஏற்பது, எப்போது வேலை முடிந்தது என்று அறிவிப்பது ஆகிய மூன்றையும் மாசுபடுத்தியவரே தீர்மானித்தால், தூய்மை தாளில் மட்டுமே நிகழும்.

ஐரோலியின் நிலமும் நீரும்

முதலில் நாம் நிற்கும் மண்ணைப் பார்ப்போம். மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் 1960களில் தானே கழிமுகத்துக்கு அப்பால் அமைத்த தொழிற்பேட்டை இது. கிழக்கே பார்சிக் குன்றுகள். அவற்றின் அடிவாரத்தில் ஆலைகள். அடுத்துத் தானே–பேலாப்பூர் சாலை. சாலைக்கு மேற்கே நம் குடியிருப்புகள். அதற்கும் மேற்கே கழிமுகம். குன்றில் பெய்யும் மழை எந்தத் திசையில் ஓடுகிறதோ, மண்ணுக்குள் இறங்கும் நீரும் பெரும்பாலும் அதே திசையில்தான் நகரும். ஆகவே ஆலைகளின் அடியில் இருக்கும் நீர் நம் வீடுகளின் அடியைக் கடந்துதான் கழிமுகத்தைச் சேர முடியும்.

‘நமக்கு மாநகராட்சிக் குழாயில் மோர்பே அணைத் தண்ணீர் வருகிறது, நிலத்தடி நீர் எப்படிப் போனால் என்ன?’ என்று கேட்கலாம். குழாய் வராத வீடுகளும் இருக்கின்றன. தொழிற்பேட்டை நிலத்தில், குன்றுச் சரிவில், திகா, சிஞ்ச்பாடா போன்ற இடங்களில் குடிசை போட்டவர்களும், கட்டுமானத் தளங்களில் தங்கி வேலை செய்பவர்களும் எந்த நீர் கிடைக்கிறதோ அதைத்தான் புழங்குகிறார்கள். கோடையில் லாரித் தண்ணீர் எந்தப் போர்வெல்லிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. திவா கோலிவாடா மீனவர்களின் வலையும் இதே கழிமுகத்தில்தான் விழுகிறது. 2015இல் பூநாரைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கழிமுகம் அது. பறவையைப் பார்க்கப் படகு விடும் அரசு, படகுத்துறைக்கு வந்து சேரும் நிலத்தடி நீரையும் பார்க்க வேண்டும்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். நம் ஊரில் அதை ‘காலா ஆயில்’ என்பார்கள். நாம் வேஸ்ட் ஆயில் என்கிறோம். வண்டிகளின் எஞ்சினிலிருந்தும், ஆலைகளின் கியர் பெட்டி, ஹைட்ராலிக் அழுத்தி, கம்ப்ரசர், மின்மாற்றி ஆகியவற்றிலிருந்தும் வடிக்கப்படுவது. புதிதாக ஊற்றும்போது இருந்த பொருள் அல்ல அது. எஞ்சினில் எரிந்து சுழன்ற எண்ணெயில் தேய்ந்த உலோகத் துகள்கள், ஈயம், காட்மியம், பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் சேர்ந்துவிடும். பழைய மின்மாற்றி எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு இருக்கக்கூடும். பாகங்களைக் கழுவிய கரைப்பான்களையும் பணிமனையில் அதே தொட்டியில்தான் ஊற்றுவார்கள். ஒரு வண்டியில் ஒருமுறை மாற்றும் எஞ்சின் ஆயில் 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது.

இதை நிலத்துக்கு அடியில் தொட்டியில் தேக்குவது இடத்தை மிச்சப்படுத்தும், கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஒற்றைச் சுவர் கொண்ட இரும்புத் தொட்டி ஈரமண்ணில் துருப்பிடிக்கும். கழிமுகத்தின் உப்பு ஈரம் துருவை விரைவுபடுத்தும். தரைக்கு மேலே ஒரு பீப்பாய் ஒழுகினால் காலையில் வருகிற முதல் தொழிலாளி பார்த்துவிடுவார். தரைக்குக் கீழே ஒழுகுவதை யாரும் பார்ப்பதில்லை. பக்கத்துக் கிணற்றில் வாடை வரும்போதுதான் செய்தி வெளிவரும். அதற்குள் ஆண்டுகள் கடந்திருக்கும்.

கசிந்த எண்ணெய் என்ன ஆகிறது? முதலில் மண்துகள்களின் இடுக்குகளில் ஒட்டிக்கொள்கிறது. மிகுந்தது கீழிறங்கி, நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் படலமாக மிதக்கிறது. அதிலிருந்து கரையக்கூடிய நச்சுகள் நீரில் கரைந்து நீரோட்டத்தோடு நகர்கின்றன. குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை. அவை மிதக்காமல் அடியாழத்துக்குச் சென்றுவிடும். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்ந்து கோடையில் இறங்கும்போது எண்ணெய்ப் படலமும் ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் புதிய மண்ணில் பூசிக்கொள்ளும். நம் அடியில் இருப்பது தக்காணத்தின் கருங்கற் பாறை. அதில் நீர் விரிசல் வழியாகப் போகிறது. ஓரிடத்தில் தோண்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்பதும், விரிசல் ஓடும் இடத்தைத் தவறவிட்டோம் என்பதும் ஒன்றாகவே இருக்கலாம்.

தூய்மை செய்வது என்றால் என்ன?

இதற்கு நல்ல தமிழ்ச்சொல் தேடி நான் திண்டாடியிருக்கிறேன். ‘சீரமைப்பு’ என்றால் சாலைப் பணி போல் ஒலிக்கிறது. ‘பரிகாரம்’ என்றால் கோயில் நினைவு வருகிறது. ஆனால் இலங்கைத் தமிழர் சட்ட வழக்கில் பரிகாரம் என்பது இழைத்த தீங்குக்குச் சட்டம் தரும் நிவாரணம். எனக்கு இப்போது ‘மீட்பு’ என்ற சொல்லே பிடித்திருக்கிறது. பறிபோன ஒன்றைத் திரும்பப் பெறுவது என்ற பொருள் அதில் இருக்கிறது.

மீட்பின் முதல் படி கசிவை நிறுத்துவது. தொட்டியைக் காலிசெய்து, வாயுவை வெளியேற்றி, தோண்டி வெளியே எடுக்க வேண்டும். இங்கேயே ஓர் எச்சரிக்கை. மூடிய தொட்டிக்குள் ஆளை இறக்குவது சாவுக்கு அழைப்பது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது: ஆபத்தான வாயு இருக்கக்கூடிய அடைபட்ட இடத்தில், காற்றைச் சோதிக்காமல், சுவாசக் கருவியும் பாதுகாப்புக் கயிறும் இல்லாமல் யாரையும் இறக்கக்கூடாது. ஆனால் அந்த வேலைக்கு ஒப்பந்தக்காரர் அழைத்து வருவது யாரை என்று நமக்குத் தெரியும். மண்ணைத் தூய்மை செய்யும் பணியில் தொழிலாளியின் நுரையீரல் விலையாகக் கூடாது.

இரண்டாவது படி அளப்பது. மண் மாதிரிகள் பல ஆழங்களில் எடுக்கப்பட வேண்டும். கண்காணிப்புக் கிணறுகள் தொட்டியின் மேற்புறத்திலும் நீர் ஓடும் கீழ்ப்புறத்திலும் அமைய வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது படி எடுப்பது. நீர்மேல் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கலாம். கெட்ட நீரை இறைத்து, கரி வடிகட்டிகளில் செலுத்தித் தூய்மையாக்கலாம். பெட்ரோல் போன்ற இலேசான எண்ணெயை மண்ணிலிருந்து காற்றுறிஞ்சி மூலம் ஆவியாக இழுக்கலாம். கனமான எஞ்சின் ஆயிலுக்கு அது பெரிதும் பயன்படாது. மேல்மண்ணைத் தோண்டி எடுத்து அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பலாம். நம் பக்கத்திலேயே மாஹாபேயிலும் தலோஜாவிலும் அத்தகைய கிடங்குகள் இருக்கின்றன. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களை மண்ணில் கலந்து, ஈரமும் காற்றும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளும் கொடுத்து, புரட்டிப் புரட்டி மக்கவைக்கலாம். டெரி நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்சாப்பர்’ என்ற நுண்ணுயிர்க் கலவை நம் நாட்டு எண்ணெய் வயல்களில் பயன்பட்டிருக்கிறது. ஆனால் நுண்ணுயிர் எண்ணெயைத் தின்னும், ஈயத்தைத் தின்னாது. எண்ணெயின் அளவு குறைந்தது என்ற அறிக்கையைக் காட்டி, உலோகம் பற்றிப் பேசாமல் விடுவதும் ஒரு வழக்கம்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான ஒரு முறை இருக்கிறது. தொட்டிக்குள் மணலைக் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு, வாகன நிறுத்துமிடம் ஆக்கிவிடுவது. அது மீட்பு ஆகாது.

சுன்னாகம் சொல்லும் பாடம்

நம் மொழி பேசும் இரண்டு ஊர்களில் இந்தக் கேள்விகள் வீதிக்கு வந்தன. முதலாவது, யாழ்ப்பாணத்தின் சுன்னாகம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறையின் துளைகளில் தங்கும் மழைநீரே அங்குள்ள மக்களுக்குக் குடிநீர். தோட்டத்துக்குப் பாய்ச்சும் நீரும் அதுவே. அந்தப் பாறை கடற்பஞ்சு போல. மேலே ஊற்றியது விரைவில் உள்ளே இறங்கிவிடும். அப்படிப்பட்ட நிலத்தில், நீண்ட காலமாக எண்ணெயில் இயங்கும் மின்நிலையங்கள் செயல்பட்ட வளாகம் சுன்னாகத்தில் இருந்தது. போருக்கிடையே மின்னுற்பத்திக்கு வந்த நார்தர்ன் பவர் என்ற தனியார் நிறுவனமும் அங்கேதான் இயங்கியது. சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் கூறினார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013–14இல் 150 கிணறுகளைச் சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் தரநிலைக்கு மேல் இருந்தன.

இதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். வடக்கு மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, ஆபத்தான மாசு இல்லை என்ற கருத்தைத் தெரிவித்தது. ஒரு கிணற்று நீர், இரண்டு முடிவுகள். ஒருவர் எண்ணெய், கிரீஸ் என்ற மொத்த அளவைப் பார்க்கிறார். இன்னொருவர் குறிப்பிட்ட சில நச்சுகளைத் தேடுகிறார். மாதிரி எடுத்த காலமும் வேறு. நடுவில் நின்ற மக்களுக்குக் கிடைத்ததோ குழப்பமும் தெருவோரத் தண்ணீர்த் தொட்டியும்தான். எண்ணெய் யாருடையது என்ற வாதமும் எழுந்தது. பல காலம் பல தரப்பினர் இயங்கிய வளாகத்தில் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுவது எளிது. தானே–பேலாப்பூரில் மூன்று கை மாறிய ஆலை நிலங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2015இல் நீதிமன்ற உத்தரவால் மின்னுற்பத்தி நிறுத்தப்பட்டது. இரவீந்திர காரியவசம் என்ற சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் இலங்கை உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். சிங்களர் ஒருவர் தமிழர்களின் கிணற்றுக்காக வழக்காடினார் என்பதை இந்த வகுப்பில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் செலுத்த வேண்டும்; பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 40,000 ரூபாய்க்கு மிகாமல் வழங்க வேண்டும். கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்புகள் கடமை தவறியதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

மகத்தான தீர்ப்பு. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 கோடியை 40,000ஆல் வகுத்தால் 500 பேர். அந்தப் பணத்தில் ஒரு குடும்பம் கிணற்றை இறைத்துக் கழுவலாம். பாறைக்குள் இறங்கிய எண்ணெயை எந்தத் தனிக் குடும்பமும் மீட்க முடியாது. இழப்பீடு ஒன்று, மீட்பு வேறொன்று. முன்னதை வாங்கிக்கொண்டு பின்னதை மறந்துவிடுமாறுதான் எல்லா முதலாளிகளும் விரும்புகிறார்கள்.

தண்டையார்பேட்டையும் பொதுத்துறையும்

இரண்டாவது ஊர் வடசென்னையின் தண்டையார்பேட்டை. 2013இல் அங்கே வீட்டுப் போர்வெல்களில் தண்ணீருக்குப் பதில் எரிபொருள் வாடையடிக்கும் திரவம் வந்தது. இங்கே கசிந்தது தொட்டியன்று. பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வழக்கை விசாரித்தது, சென்னை ஐ.ஐ.டி.யின் வல்லுநர்களும் ஆய்வில் ஈடுபட்டார்கள். நிலத்தடியில் மிதந்த எண்ணெயை இறைத்தெடுக்கும் பணி நடந்தது. ஒரு கசிவு பல ஆண்டுப் பணியாக நீண்டது. நெருக்கமான தெருக்களில், வீடுகளின் அடியில் பரவியதை எடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அது சான்று.

இங்கே நம் தோழர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அதை மறைக்க வேண்டாம். பொதுத்துறையைக் காக்கப் போராடுகிறவர்கள் நாம். பாரத் பெட்ரோலியத்தை விற்க முயன்ற ஒன்றிய அரசு 2022இல் பின்வாங்கியது. அப்படியிருக்க அந்நிறுவனத்தின் தவற்றைப் பேசலாமா? பேசத்தான் வேண்டும். பொதுத்துறை மக்களின் சொத்து என்றால், அதன் அடியில் இருக்கும் மண்ணும் நீரும் மக்களின் சொத்துதான். மேலும், விற்பனை நடக்கும்போது லாபம் தரும் பகுதி வாங்குபவருக்குப் போகும். மண்ணுக்குள் கிடக்கும் கடன் மக்கள் தலையில் விழும். கெட்டுப்போன நிலத்தின் கணக்கைக் கேட்பதும் தனியார்மய எதிர்ப்பின் ஒரு பகுதியே.

நம் தொழிற்பேட்டையிலும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. இரசாயன ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆலை நின்ற இடங்களில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. நிலத்தின் விலை பன்மடங்காயிற்று. நிலுவைக் கூலிக்காகச் சங்கங்கள் நீதிமன்றம் சென்றன. மண்ணின் நிலுவைக்காக யாரும் செல்லவில்லை. தொழிலாளியையும் மண்ணையும் ஒருசேரச் சுரண்டித்தான் மூலதனம் வளர்கிறது என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் விளக்கியதை நாம் வகுப்பில் படிக்கிறோம். ஆலை மூடும் நாளில் அதில் பாதியை மறந்துவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் ‘பயன்படுத்திய எண்ணெய்’, ‘கழிவு எண்ணெய்’ என்று இரண்டாகப் பிரிக்கின்றன. எஞ்சின், கியர், ஹைட்ராலிக், மின்மாற்றி எண்ணெய்கள் முதல் வகை. குறிப்பிட்ட தரத்துக்குள் இருந்தால் மறுசுத்திகரிப்புக்குப் போகலாம். எண்ணெய்க் கிடங்குத் தொட்டிகளின் அடிச்சேறு, சிந்திய கச்சா எண்ணெய் போன்றவை இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால் பொறுப்பும் குழம்பிவிடும். அபாயக் கழிவை வளாகத்தில் பொதுவாக 90 நாள்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஒவ்வொரு ஆலையும் 3ஆம் படிவத்தில் பதிவேடு வைக்க வேண்டும். ஆண்டுதோறும் 4ஆம் படிவத்தில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல், எண்ணெய் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கும் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு வந்திருக்கிறது.

தாளில் இவ்வளவு இருந்தும், தெருவில் நடப்பதோ வேறு. கேரேஜின் பழைய ஆயிலைப் பங்கார்வாலா பீப்பாயில் வாங்கிப் போகிறார். அது உலைகளில் எரிபொருளாகிறது, அல்லது நிறம் மாற்றிப் புதிய ஆயிலாக விற்கப்படுகிறது. தாராவி 13ஆம் காம்பவுண்டில் பழைய டின்களையும் பீப்பாய்களையும் கழுவித் தட்டி மறுபடி சந்தைக்கு அனுப்பும் உழைப்பாளிகள் அந்த எண்ணெயில்தான் கை நனைக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளி ஆக்குவது எளிது, அது அநீதியும்கூட. கழிவை உற்பத்தி செய்து மலிவாகக் கைகழுவியவரே பொறுப்பாளி.

விலை கொடுக்கவைப்பது எளிதல்ல. இராஜஸ்தானின் உதய்ப்பூருக்கு அருகே பிச்ரி கிராமத்தில் இரசாயன ஆலைகளின் கழிவால் கிணற்று நீர் நிறம் மாறிக் கெட்டது. மாசுபடுத்தியவரே முழுச் செலவையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஆலைக்காரர்கள் மனு மேல் மனுவாகப் போட்டு இழுத்தடித்தார்கள். 2011இல் நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, 37.385 கோடி ரூபாயை 12 சதவீதக் கூட்டுவட்டியோடு செலுத்த உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்புக்கும் இந்த உத்தரவுக்கும் இடையே 15 ஆண்டுகள். அமெரிக்காவில் நிலத்தடித் தொட்டிகளுக்கென 1984இல் சட்டம் வந்தது. அதன்பின் அங்கே 5 லட்சத்துக்கும் அதிகமான கசிவுகள் உறுதி செய்யப்பட்டன. தேடினால்தான் கிடைக்கும். நாம் இன்னும் தேடவே தொடங்கவில்லை.

அளவுகோலைத் தீர்மானிப்பதில் உள்ள அரசியலைக் கொடைக்கானல் காட்டியது. அங்கே மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் மண்ணில் பாதரசம் கலந்திருந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாம் என்ற இலக்கு ஏற்கப்பட்டபோது, நிறுவனத்தின் தாய்நாட்டில் இதை ஏற்பார்களா என்று மக்கள் கேட்டார்கள். எண்ணிக்கை சற்றுத் தளர்ந்தால் மீட்புச் செலவு பெருமளவு குறையும்.

மாசடைந்த இடங்களைக் கையாளும் தனி விதிகளை ஒன்றிய அரசு 2025 ஜூலையில் வெளியிட்டது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கொரு முறை ஐயத்துக்குரிய இடங்களின் அறிக்கையைத் தர வேண்டும்; மாநில வாரியம் 90 நாள்களில் முதற்கட்ட ஆய்வையும், மேலும் 90 நாள்களில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும்; பொறுப்பாளியைக் கண்டறிந்து செலவை வசூலிக்க வேண்டும். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் ஆய்வுக்குக் காலக்கெடு உண்டு. தூய்மைப்படுத்தி முடிக்கக் காலக்கெடு இல்லை. நாட்டில் அடையாளம் காணப்பட்ட 103 இடங்களில் மீட்புப் பணி தொடங்கியது ஏழில் மட்டுமே என்பது விதிகள் வந்தபோது இருந்த நிலை. மறுபுறம், 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலிருந்த ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரையிலான அபராதம் ஆக்கியது. ஒரு கையால் விதியைக் கொடுத்து, மறு கையால் அச்சத்தை நீக்கினார்கள். பெருநிறுவனத்துக்கு 15 லட்சம் என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, ‘இதைப் பேசினால் ஆலையை மூடிவிடுவார்கள், வேலை போய்விடும்’ என்று சங்கத்தில் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யானதல்ல. ஆனால் இங்கே ஆலைகள் மூடப்பட்டது மாசைப் பற்றி நாம் பேசியதாலா? நாம் பேசாமல் இருந்தபோதுதான் மூடினார்கள். தொட்டிகளைச் சோதிப்பதும் மாற்றுவதும் மண்ணை மீட்பதும் உழைப்பைக் கோரும் பணிகள். அவற்றைப் பயிற்சியோடும் பாதுகாப்போடும் நியாயமான கூலியோடும் செய்யும் வேலைகளாகக் கேட்டுப் பெறுவது நம் கோரிக்கையாக வேண்டும்.

தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்று அறிந்தவர் தொழிலாளியே. எந்த ஆண்டில் போட்டார்கள், எப்போது ஒழுகியது, எந்த இரவில் மணல் கொட்டி மூடினார்கள் என்பதெல்லாம் ஓய்வுபெற்ற தோழர்களின் நினைவில் இருக்கின்றன. அந்த நினைவுகளை வரைபடமாக்குவோம்; இது முதல் வேலை. இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே ஆலைகளின் 4ஆம் படிவங்களைக் கேட்போம். ஆண்டுக்கு எத்தனை பீப்பாய் ஆயில் வாங்கப்பட்டது என்பது கிடங்கில் வேலை செய்யும் தோழருக்குத் தெரியும். எவ்வளவு கழிவு ஒப்படைக்கப்பட்டது என்பது படிவத்தில் இருக்கும். இயந்திரத்தில் எரிந்து தீர்ந்தது போக, மீதி எங்கே என்று கேட்போம். மூன்றாவது, போபாலுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட, ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் வெளிப்படுத்தும் கடமையை, தொகுப்புச் சட்டங்களின் பெயரால் கரையவிடாமல் காப்போம்.

நான்காவது, ஆலை நிலம் கைமாறும்போது மண்ணும் நிலத்தடி நீரும் சோதிக்கப்பட்டு, முடிவு மராத்தியிலும் இந்தியிலும் இங்கு வாழும் மக்களின் பிற மொழிகளிலும் வெளியிடப்பட்ட பின்னரே கட்டட அனுமதி என்று மாநகராட்சியிடம் கோருவோம். சோதனைக்குப் பணம் ஆலைக்காரர் தரட்டும். ஆய்வகத்தை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. மாதிரி எடுக்கும்போது குடியிருப்போரின் பிரதிநிதியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் உடனிருக்க வேண்டும். எந்தப் பொருளைச் சோதித்தார்கள், கருவியின் எல்லை என்ன, குடிநீர்த் தரம் என்ன என்ற மூன்று எண்களும் அருகருகே அச்சிடப்பட வேண்டும். மீட்பு முடிந்தது என்ற அறிவிப்பு, குறைந்தது இரண்டு மழைக்காலங்களின் சோதனை முடிவுகளைப் பார்த்த பிறகு, மக்கள் முன்னிலையில் செய்யப்பட வேண்டும்.

அந்தப் போர்வெல் மக்களிடம் நான் பிறகு சென்றேன். என் பிழையைச் சொன்னேன். அவர்களில் ஒரு மூதாட்டி, ‘நாங்க அந்தத் தாளைத்தான்யா நம்புனோம். மூக்கு சொன்னதை நம்பாமப் போயிட்டோம்’ என்றார். அறிவியலுக்கு எதிராக அவர் பேசவில்லை. எந்தத் தாள், யாருடைய தாள் என்று கேட்கத் தவறிவிட்டோம் என்பதையே சொன்னார். அவர்கள் இப்போது மறுசோதனை கோரி மீண்டும் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மனுவில் மேலே சொன்ன மூன்று எண்களையும் கேட்டிருக்கிறார்கள். அதை மராத்தியில் எழுதித் தந்தவர்கள் இந்த வகுப்பில் அமர்ந்திருக்கும் இளந்தோழர்கள். கூட்டம் முடிந்ததும் வெளியே மேசையில் அதன் படி இருக்கும். தொழிற்பேட்டையை ஒட்டிய ஒவ்வொரு குடியிருப்புக்கும் அதை எடுத்துச் செல்லுங்கள்.